காலையில் எலுமிச்சைத் தோல், சாயங்காலம் பாயசம்: ஒரே செண்ட்தானா?

ஒரு சகோதரியின் கேள்வி இது. கடையில் அட்டையில் அடித்து மோந்து பார்த்தபோது அப்போதுதான் உரித்த எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்ததாம். உடனே வாங்கிவிட்டார். மறுநாள் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனால் பத்து மணிக்கெல்லாம் அந்த வாசனையைக் காணோம். மத்தியானம் ஏதோ பவுடர் மாதிரி, சாயங்காலம் பாயசம் மாதிரி இனிப்பு. அதே பாட்டிலை அக்கா போட்டால், அவருக்குக் கிட்டத்தட்ட ஆரம்பத்திலிருந்தே இனிப்புதான். ‘கடைக்காரர் போலியைக் கொடுத்துவிட்டாரா, இல்லை என் தோலில் ஏதாவது கோளாறா?’ என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் சொல்லும் வரிசையில்தான் அந்த வகை செண்ட் மாற வேண்டும். உங்களுக்குப் பிடித்தது அதன் முதல் இருபது நிமிடம். அதற்குப் பின்னால் வரும் எட்டு மணி நேரத்தை மோந்து பார்க்காமலே வாங்கிவிட்டீர்கள். இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. கடைகளில் செண்டை விற்கும் முறையே அப்படித்தான் இருக்கிறது.

நான் மல்லிகைப் பூவிலிருந்து வாசனை எடுக்கும் ஆலையின் சோதனைக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். என் வேலையில் பாதி, காத்திருப்பது. ஒரு காகிதப் பட்டையின் நுனியைச் சரக்கில் தொட்டு, பின்பக்கம் பென்சிலால் நேரம் எழுதி, கம்பியில் மாட்டிவைப்போம். தொட்டவுடன் ஒரு தடவை, கால் மணி கழித்து, ஒரு மணி கழித்து, நாலு மணி கழித்து, மறுநாள் காலையில் வந்ததும் ஒரு தடவை என்று மோந்து பார்ப்போம். தொட்டவுடன் நன்றாக இருந்த சரக்கு நாலாவது மணியில் மெழுகு மாதிரி நாறியதும் உண்டு. தொட்டவுடன் முகத்தைச் சுளிக்கவைத்த சரக்கு மறுநாள் காலையில் அறையையே மணக்கவைத்ததும் உண்டு. முதல் மோப்பத்தை மட்டும் நம்பி எங்களில் யாரும் ஒரு டப்பாவுக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை.

இதைப் புரிந்துகொள்ள முதலில் மல்லிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். குண்டுமல்லியைப் பகலில் மொட்டாகத்தான் பறிப்பார்கள். ஆலைக்கு வந்த மொட்டைத் தரையில் பரப்பிவைத்து, ராத்திரி அது விரியும்வரை காத்திருந்துதான் வாசனை எடுப்போம். மூடிய மொட்டில் வாசனை பெரிதாக இருக்காது. ஏழு ஏழரை மணிக்கு ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தால், கொட்டகைக்குள் முதலில் வருவது பச்சை வாசம். கூடவே லேசாக வாழைப்பழம் மாதிரி ஓர் இனிப்பு. அந்தப் பழ இனிப்பைத் தருவது பென்சைல் அசிடேட். நேரம் ஆக ஆக அடியிலிருந்து கனமான, கொஞ்சம் மிருக வாடை கலந்த ஒன்று எழும்பும். அதில் முக்கியமானது இண்டோல். தலையில் வைத்த மல்லியை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் வைக்கும்போது இருக்கும் வாசனை வேறு, மறுநாள் காலையில் தலையணையில் பழுப்பேறிக் கிடக்கும் பூவின் வாசனை வேறு. பூ, பறித்த பிறகும் தன் வேதிப்பொருள்களைத் தானே மாற்றிக்கொண்டிருக்கும் உயிர். ஆகவே செண்டோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும், வாசனை என்பது ஒன்று அல்ல, ஒரு கூட்டம், அந்தக் கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பாது என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் நம் வீட்டில் கிடையாது.

ஒரு செண்ட் பாட்டிலில் பல பத்து, சில சமயம் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கும். எல்லாம் ஆல்கஹாலில் கரைந்திருக்கும். தோலில் பட்டதும் முதலில் போவது ஆல்கஹால். அதன் கொதிநிலை 78 டிகிரிதான். அடித்தவுடன் தோலில் ஜில்லென்று இருப்பதும், மூக்கில் சுருக்கென்று ஏறுவதும் அதனால்தான். அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுத்துத்தான் மோந்து பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு எது சீக்கிரம் ஆவியாகுமோ அது முதலில் வெளியேறும். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் போன்றவற்றின் தோல் எண்ணெயில் நிறைய இருப்பது லிமோனீன். அதன் மூலக்கூறு எடை 136. வெனிலா வாசனை தரும் வெனிலினுக்கு 152. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி, வெனிலினுக்கு 285 டிகிரி. தோலில் லிமோனீன் நிமிடக் கணக்கு, வெனிலின் மணிக் கணக்கு. லிமோனீனில் கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறெதுவும் இல்லை, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வழி கிடையாது. வெனிலினில் ஆக்சிஜன் இருக்கிறது, அதனால் மூலக்கூறுகள் பக்கத்தில் இருப்பதை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. திருவிழா முடிந்து கூட்டம் கலைவதைப் பார்த்திருப்பீர்கள். தனியாக வந்தவன் சட்டென்று கிளம்பிவிடுவான். பிள்ளைகுட்டிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த குடும்பம் நகர நேரமாகும்.

இப்படிப் போகும் வேகத்தை வைத்துத்தான் செண்ட் தொழிலில் மேல் வாசம், நடு வாசம், அடி வாசம் என்று மூன்றாகப் பேசுகிறார்கள். டாப் நோட், ஹார்ட் நோட், பேஸ் நோட் என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். வில்லியம் பவுச்சர் என்ற ஆங்கிலேய வல்லுநர் நூற்றுக்கணக்கான மூலப்பொருள்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, சீக்கிரம் மறைவதற்கு 1, நாள்கணக்கில் நிற்பதற்கு 100 என்று எண் கொடுத்தார். 1 முதல் 14 வரை மேல் வாசம், 15 முதல் 60 வரை நடு, 61 முதல் 100 வரை அடி. மலைகளைப் படமெடுப்பதிலும் பெயர் வாங்கிய மனிதர் அவர். பொறுமை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது.

ஆனால் விளம்பரத்தில் வரும் முக்கோணப் படத்தைப் பார்த்து, ஒரு வாசம் முடிந்ததும் அடுத்தது கதவைத் திறந்துகொண்டு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாமே முதல் நிமிடத்திலிருந்தே ஆவியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. வெனிலா உங்கள் மணிக்கட்டில் காலை எட்டு மணிக்கே இருந்தது. எலுமிச்சையின் சத்தத்தில் அது கேட்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. வேகமாகப் போகிற பொருள், மெதுவாகப் போகிற பொருளில் கரைந்து கிடந்தால் அதன் வேகமும் குறையும். அடியில் சந்தனமோ பிசினோ கஸ்தூரியோ வைத்துச் செண்ட் கட்டுவதற்கு அது ஒரு காரணம். நம் ஊரில் புனுகையும் ஜவ்வாதையும் சந்தனத்தோடு குழைத்தவர்களுக்கும் இது அனுபவத்தில் தெரிந்திருக்கும்.

நீங்கள் வாங்கிய செண்டின் பெயரைச் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன வரிசைக்கு மிகப் பழைய, மிகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது. பாரிஸின் கெர்லான் செண்ட் கம்பெனியில் ஜாக் கெர்லான் கட்டிய ‘ஷாலிமார்’. 1925 பாரிஸ் கண்காட்சியில் பேர் வாங்கியது. பெயர், முகலாயர் காலத்து ஷாலிமார் தோட்டத்தின் பெயர். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது மணிக்கட்டில் ஒரே ஒரு தடவை அடித்து நாள் முழுக்கக் கவனித்தேன்.

முதல் கால் மணி நேரம் பெர்கமாட். பெரும்பாலும் இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவில் விளையும் நாரத்தை இனப் பழம் அது. அந்தத் தோல் வாசனையில் எலுமிச்சையின் கூர்மையும் டீத்தூளின் கசப்பும் சேர்ந்து இருக்கும். அதற்கு அடியிலேயே தார் மாதிரி, புகை மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். புதிதாக மோப்பவர்களுக்கு இந்த இடம் பிடிக்காது, பாட்டில் கெட்டுவிட்டதோ என்று நினைப்பார்கள். அரை மணியில் பெர்கமாட் மெலிந்துவிட்டது. ரோஜா, மல்லிகை, அவற்றோடு ஐரிஸ் கிழங்கின் உலர்ந்த மாவு வாசனை. உங்களுக்குப் ‘பவுடர் மாதிரி’ என்று தோன்றியது இதுபோன்ற ஒன்றாக இருக்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பூக்கள் பின்வாங்கி, எத்தில் வெனிலின் முன்னுக்கு வந்தது. சாதாரண வெனிலினைவிட மூன்று நான்கு மடங்கு வீரியம் கொண்டது அது. அதோடு பிசின், புகை, தோல் பையின் உள்பக்க வாசனை. நாலாவது மணியில் மணிக்கட்டுக்கு வெகு பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனால்தான் தெரிந்தது, ஆனால் அப்போதுதான் மிக அழகாக இருந்தது. மறுநாள் காலை சட்டைக் கையில் ஏலக்காய் போடாத பாயசமும் கொஞ்சம் சாம்பிராணியும். எலுமிச்சையில் ஆரம்பித்து இங்கே வந்து சேர்வதுதான் அந்தச் செண்டைக் கட்டியவரின் திட்டம். அதில் எலுமிச்சை மட்டும் வேண்டும் என்பது ஆலாபனைக்கு முன் சுருதி சேர்ப்பது பிடித்திருக்கிறது, அதுவே போதும் என்பது மாதிரி.

எலுமிச்சைதான் வேண்டுமென்றால் அதற்கென்றே ஒரு பழைய வகை உண்டு, கொலோன். 1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா குடும்பம் தொடங்கியது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற சிட்ரஸ் பழங்களின் தோல் எண்ணெய்கள், நாரத்தைப் பூ, ரோஸ்மேரி. கிட்டத்தட்ட முழுக்க மேல் வாசம். நம் வீடுகளில் காய்ச்சல் வந்தால் துணியில் நனைத்து நெற்றியில் போடுவார்களே ஓடிகோலன், அதன் பூர்வீகம் அதுதான். ஒரு மணி நேரத்தில் போய்விடும். அது அதன் குறை அல்ல, இயல்பு. பையில் சின்ன பாட்டில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ‘பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் எலுமிச்சை’ என்று யாராவது விற்றால், பின்னால் நிற்கப்போவது வேறு ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிர் அத்தர். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இன்றைக்கும் செம்பு அண்டாவில் ரோஜாவையும் தண்ணீரையும் போட்டுக் காய்ச்சி, வரும் ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் இருக்கும் செம்புக் குடத்துக்குள் இறக்குகிறார்கள். நாள்கணக்கில் புதுப் பூ போட்டுத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் காய்ச்சச் சந்தனம் ரோஜாவைக் குடித்துக்கொள்ளும். ஆல்கஹால் கிடையாது, அதனால் அந்த முதல் சுருக் கிடையாது. மேல் வாசமும் குறைவு. திறந்தவுடனேயே நடுவிலிருந்து பேச ஆரம்பித்து, மெதுவாகச் சந்தனத்தில் போய் உட்காரும். அசல் சந்தன எண்ணெயில் பாதிக்கு மேல் சாண்டலால் என்ற பொருள். அது அவசரப்படவே படாது. இன்று கடைகளில் கிடைக்கும் மலிவான அத்தர் பலவற்றில் சந்தனத்துக்குப் பதில் வாசனையில்லாத எண்ணெய்தான் இருக்கிறது. உள்ளங்கையில் தடவி மூன்று மணி நேரம் கழித்து மோந்து பாருங்கள், அடியில் எதுவுமே இல்லையென்றால் சந்தனமும் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு மட்டும் ஏன் வேறு மாதிரி?

இணையத்தில் தேடினால் ‘உங்கள் தோலின் பிஎச் அளவுதான்’, அதாவது அமிலத்தன்மைதான், ‘காரணம்’ என்று வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆரோக்கியமான தோலின் பிஎச் பெரும்பாலும் 4.5-க்கும் 5.5-க்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்தச் சின்ன வித்தியாசம் சில மணி நேரத்தில் ஒரு செண்டை வேறொன்றாக மாற்றிவிடும் என்று சொல்லத் தகுந்த ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. அதைவிட எளிமையான, பெரிய காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது சூடு. தோலின் மேற்பரப்பு 32, 33 டிகிரி. கடையில் அட்டை இருந்ததோ ஏசி அறையில் 22, 23 டிகிரியில். அட்டையில் ஒரு மணி நேரம் நின்ற எலுமிச்சை கையில் இருபது நிமிடத்தில் போவது இதனால்தான். பஸ்ஸில் நின்றுகொண்டு, வெயிலில் நடந்து போகிறவருக்கு இன்னும் சீக்கிரம். உங்கள் அக்கா வீட்டை விட்டு வெளியே போன பிறகு மோந்து பார்த்தாரா, அடித்தவுடனே மோந்து பார்த்தாரா என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவது எண்ணெய்ப் பசை. வாசனைப் பொருள்கள் எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெய்ப் பசையுள்ள தோல் அவற்றைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வறண்ட தோலில் பிடிமானம் இல்லாமல் சீக்கிரம் மறையும். வறண்ட தோல்காரர்கள் செண்ட் போடுவதற்கு முன் வாசனையில்லாத வாசலினைக் கடுகளவு தடவிக்கொண்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அதற்கே ஒரு வாசம் உண்டு.

மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நம் தோல் வெறும் தோல் இல்லை. சந்தன சோப், மஞ்சள், டால்கம் பவுடர், தலைக்கு எண்ணெய், துணி துவைத்த சோப்புத்தூள், ரசாயனக் கஸ்தூரி சேர்ந்த கண்டிஷனர் என்று ஏற்கெனவே நாலைந்து வாசனை மேலே உட்கார்ந்திருக்கிறது. செண்ட் அவற்றின் மேல்தான் விழுகிறது. அக்கா இனிப்பு வாசனையுள்ள ஏதாவது லோஷன் போடுகிறவர் என்றால், எலுமிச்சை தலை காட்டுவதற்கு முன்பே இனிப்பு ஜெயித்துவிடும். நீங்கள் இருவரும் ஒரு நாள் ஒரே வாசனையில்லாத சோப்பால் முழங்கையின் உள்பக்கத்தைக் கழுவித் துடைத்து, ஒரே நேரத்தில் ஒரே அளவு அடித்துப் பாருங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே காணாமல் போகும் என்பது என் கணிப்பு.

வியர்வையும் உண்டு. வியர்வைக்கு அதுவாக வாசனை மிகக் குறைவு. அக்குளில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகுதான் நாற்றம். சாப்பாடும் ஓரளவு சேரும். பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயம் நிறையக் கொடுப்பார்கள் அல்லவா, அப்போது உடம்பில் ஒரு பாகு வாசனை வருவதைக் கவனித்திருப்பீர்கள். வெந்தயத்தில் இருக்கும் சொட்டலோன் என்ற பொருள் வியர்வை வழியாக வெளியே வருவதால் அது. வியர்வையை மறைக்க அதன் மேலேயே செண்ட் அடிப்பவர்களுக்கு இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்றுதான் கிடைக்கும். குளித்துத் துவட்டிய தோல்தான் செண்டுக்கு இடம்.

இத்தனைக்கும் மேலே, மாறுவது பல நேரம் வாசனையே அல்ல, மோக்கிற மூக்கு.

ஒரே வாசனைக்குள் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். அடுத்த வீட்டுச் சமையல் வாசனை நமக்குத் தெரியும், நம் வீட்டுடையது தெரியாது. காலை பத்து மணிக்கு ‘போய்விட்டது’ என்று நீங்கள் நினைத்தபோது, பக்கத்து நாற்காலிக்காரருக்கு அது நன்றாகவே வந்துகொண்டிருந்திருக்கலாம். தனக்குத் தெரியவில்லை என்று மேலும் மேலும் அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறவர்கள் மேல் கோபப்படாதீர்கள், அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது.

வயலெட் பூ வாசனை தரும் அயனோன்கள் இதில் தனி ரகம். மோந்தவுடன் தெரியும், இரண்டு மூச்சில் மறையும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வரும். பூ தன் வாசனையை ஒளித்துவைக்கவில்லை, மூக்குதான் அதைக் கொஞ்ச நேரம் கைவிடுகிறது. அதிலும் பீட்டா அயனோன் ஆளுக்கு ஆள் வேறு. ஓஆர்5ஏ1 என்ற மோப்ப மரபணுவில் இருக்கும் ஒரு சிறு வேறுபாட்டைப் பொறுத்து, சிலருக்கு அது பூவாக மணக்கிறது, சிலருக்குப் புளிப்பாக உறுத்துகிறது என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். செண்டின் அடியில் பரவலாகப் போடப்படும் கலாக்சோலைட் என்ற ரசாயனக் கஸ்தூரி சிலருக்கு வரவே வராது. எங்கள் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர வருபவர்களிடம் கஸ்தூரி வகைகளை வரிசையாகக் கொடுத்து எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று குறித்துக்கொள்வோம். நல்ல மூக்குக்காரர் என்று பெயர் வாங்கியவர்களுக்கும் ஒன்றிரண்டு வெறும் காகிதமாகத்தான் இருக்கும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் இந்த மரபணுக்கள் ஒரே மாதிரி அமைய வேண்டுமென்று இல்லை. உங்கள் செண்டின் அடியில் இருக்கும் ஒரு பொருள் அக்காவின் மூக்கில் பலமாக விழுந்து, உங்கள் மூக்கில் விழாமலே போகலாம். அப்படியென்றால் இருவரும் சொல்வதும் உண்மை. கொரோனா வந்து போனவர்களில் சிலருக்கு மாதக்கணக்கில் காப்பியே கருகின வாடையாக இருந்ததையும் மறந்துவிடக் கூடாது. அப்படி ஏதும் இருந்தால் செண்டை எடைபோட இது நேரம் அல்ல.

போலியா என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. போலி செய்பவர்கள் வாங்குபவர் மோப்பது முதல் பத்து நிமிடம்தான் என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். அதை மட்டும் நன்றாகச் செய்துவிடுவார்கள். அடியில் நல்ல சரக்கு போடுவதற்குத்தான் செலவு அதிகம். ஆகவே போலி பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் தட்டையாகிவிடும், அல்லது திகட்டுகிற வெறும் இனிப்பாக நின்றுவிடும். உங்களுடையது எலுமிச்சை, பவுடர், பாயசம் என்று சாயங்காலம்வரை மூன்று முகம் காட்டியிருக்கிறது. அதற்காகவே அதன்மேல் எனக்கு நல்ல எண்ணம்.

பழைய பாட்டிலும் புது பாட்டிலும் வேறு மாதிரி இருந்தாலும் உடனே போலி என்று சொல்லிவிடாதீர்கள். ஒவ்வாமையோ வேறு கெடுதலோ தரக்கூடிய பொருள்களை ஒவ்வொன்றாகத் தடை செய்துவருகிறார்கள். லிலியால் என்ற பூ வாசனைப் பொருளை 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனங்களில் சேர்க்கக் கூடாது. அதனால் பல செண்டுகளை மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. பெயர் அதே, உள்ளே வேறு. நிறம் கருத்துப்போவதும் பயப்பட வேண்டிய விஷயம் அல்ல, வெனிலின் இருந்தால் நாளாக நாளாகப் பழுப்பேறும். அதனாலேயே பட்டுப்புடவையில் நேராக அடிக்க வேண்டாம் என்பேன். ஜன்னலோரத்தில் வெயில் படவைத்த பாட்டிலில் முதலில் கெடுவதும் சிட்ரஸ்தான். லிமோனீன் காற்றோடு சேர்ந்து மாறினால் முதல் ஐந்து நிமிடம் பெயிண்ட் மாதிரி ஒரு வாடை வரும். அப்படி மாறியது தோலுக்கும் ஆகாது, அரிப்பு வரலாம். பீரோவுக்குள் இருட்டில் வையுங்கள்.

இதை எழுதும்போது ஒரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. இப்போது பலர் பெர்கமாட், எலுமிச்சை எண்ணெய்களை நேராக வாங்கி வீட்டில் கலந்து கழுத்தில் தடவிக்கொள்கிறார்கள். பிழிந்தெடுத்த பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்று ஒன்று இருக்கிறது. அது பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகி, பிறகு கறுப்பு வரியாக மாதக்கணக்கில் நிற்கும். செண்ட் தொழிலின் பன்னாட்டு அமைப்பு, தோலில் தங்கும் பொருள்களில் அந்த எண்ணெய் 0.4 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. கம்பெனிகள் பெர்காப்டென் நீக்கிய எண்ணெயைப் போடுகின்றன. வீட்டில் கலப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நம் வெயிலில் இந்த விளையாட்டு வேண்டாம்.

மணிக்கட்டுகளைத் தேய்த்தால் ‘மூலக்கூறு நசுங்கிவிடும்’ என்பார்கள். நசுங்காது. தேய்க்கும் சூட்டிலும் பரப்பிலும் மேல் வாசம் இன்னும் சீக்கிரம் ஓடும், அவ்வளவே. உங்களுக்குப் பிடித்ததே மேல் வாசம் என்பதால், நீங்கள் தேய்க்காமல் இருப்பது நல்லது. கடையில் கொடுக்கும் காப்பிக்கொட்டையும் தேவையில்லை. அது மூக்கைத் துடைத்துப் புதிதாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, 2011-இல் வந்த ஓர் ஆய்வில் வெறும் காற்றைவிட அது மேலாக இல்லை. உங்கள் சட்டைத் தோள்பட்டையையே மோந்துகொள்ளுங்கள், இல்லை வாசலுக்கு வந்து இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

அடுத்த தடவை வாங்கும்போது அட்டையில் எத்தனை வேண்டுமானாலும் மோந்து பாருங்கள், ஆனால் தோலில் இரண்டுக்கு மேல் வேண்டாம், கைக்கு ஒன்று. அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் அன்றைக்கு வாங்காதீர்கள். கால் மணியில், ஒரு மணியில், நாலு மணியில், படுக்கப் போகும்போது என்று மோந்து, தோன்றியதை இரண்டு வார்த்தையில் போனில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் துப்பட்டாவையோ சட்டைக் கையையோ ஒரு தடவை. துணியில் தோலின் சூடு இல்லாததால் அடி வாசம் அங்கேதான் மிச்சமிருக்கும். நாலாவது மணி பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் நீங்கள் அதிக நேரம் குடியிருக்கப்போவது அதோடுதான்.

இப்போது கையில் இருக்கும் பாட்டிலைத் தூக்கிப்போட வேண்டாம். அதை வேலை நாள் காலையில் போடுவதை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் வெனிலா கனக்கும். மழை பெய்து குளிர்ந்த ஒரு சாயங்காலம், குளித்துவிட்டு, எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லாதபோது ஒரே ஒரு தடவை அடித்து, எலுமிச்சை போன பிறகு அந்த இனிப்பைத் தனியாகக் கவனித்துப் பாருங்கள். ஆபீசுக்கு வேண்டுமானால் ஒரு சின்னக் கொலோன் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் அந்த இனிப்பு பிடிக்கவில்லையென்றால் பாட்டிலை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். அவர் முதலிலேயே மோந்தது அதைத்தான்.